சம்பந்தி வீட்டு மோட்டார்

மோட்டாரைத் திருப்பி அனுப்பினால் பேத்தியின் காதுகுத்துக்குத் தாய்மாமன் மடி கிடைக்காது என்று என் வீட்டார் எல்லோரும் சேர்ந்து எனக்குப் புத்தி சொன்னார்கள். எனக்கு! அவர்கள் உட்கார்ந்திருந்த சோபாவும், தலைக்கு மேல் ஓடிய மின்விசிறியும், அந்த வீட்டின் ஒவ்வொரு செங்கல்லும் என் புத்தியில் வந்தவை. இன்று நினைத்தாலும் கோபம் வருகிறது. எழுதும்போதே வருகிறது. ஆனாலும் எழுதிவிடுகிறேன். எங்கள் கோயமுத்தூர்ப் பக்கத்தில் தொழில் செய்கிற பாதிப்பேருக்கு இதே கதைதான். யாரும் வெளியே சொல்ல மாட்டார்கள்.

நான் கிரைண்டர் செய்கிறவன். இட்லிக்கும் தோசைக்கும் மாவரைக்கிற கிரைண்டர். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டது, நானும் அதை விட்டேன். லேத் பட்டறை ஒன்றில் இரும்புச் சீவலைக் கூட்டி அள்ளுகிற வேலைக்குச் சேர்ந்தேன். கூட்டுகிற கையால் லேத்தைத் தொடாதே என்று அந்த முதலாளி என் புறங்கையில் அடித்தார். பிறகு அவருடைய லேத்தையே நான் விலைக்கு வாங்கினேன். அவர் கையாலேயே வண்டியில் ஏற்றிவிட்டார். இன்றைக்குக் கோயமுத்தூரில் கணபதிப் பக்கம் வந்து கிரைண்டர் பட்டறை எங்கே என்று கேட்டால், எந்த ஆட்டோக்காரரும் என் கேட்டில்தான் கொண்டுவந்து நிறுத்துவார். துபாயில் என் கிரைண்டர் ஓடுகிறது. நான் துபாய் போனதில்லை. என் கிரைண்டர் போயிருக்கிறது, அது போதும்.

டிரம், பாடி, ஷாஃப்ட், புல்லி, கடைசியில் அதைப் போட்டு அனுப்புகிற அட்டைப்பெட்டி வரைக்கும் எல்லாம் என் கூரைக்குக் கீழேதான் நடக்கும். இரண்டு மட்டும் வெளியிலிருந்து வரும். ஒன்று கல். மலையைப் பட்டறைக்குள் கொண்டுவர வழி கிடைக்கவில்லை, கிடைத்திருந்தால் அதையும் கொண்டுவந்திருப்பேன். அடுத்தது மோட்டார். அதை ஊருக்குள் ஒருவரிடம் வாங்கிக்கொண்டிருந்தேன். அவர் எனக்கு உறவில்லை. சரக்கு சரியில்லை என்றால் போனிலேயே அவரைக் கிழித்துவிடுவேன். அவரும் பதிலுக்கு என்னைக் கிழிப்பார். அடுத்த லோடு ஒழுங்காக வந்து இறங்கும். தீபாவளிக்கு அவர் எனக்கு இனிப்பு அனுப்புவார், நான் அவருக்குப் பட்டாசு அனுப்புவேன். ஒரு தொல்லையில்லாமல் ஓடிய ஏற்பாடு அது.

அந்த ஏற்பாட்டைக் கெடுத்தது என் மகன் கல்யாணம்.

பெண் நல்ல பெண். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அப்பா காலமாகிவிட்டார். ஒரே அண்ணன்தான் குடும்பத்தைத் தாங்கிக்கொண்டிருந்தான். பெருந்துறைத் தொழிற்பேட்டையில் சின்ன மோட்டார்கள் செய்கிற கம்பெனி வைத்திருந்தான். நிச்சயதார்த்தத்தன்று சபை நிறைய ஒறம்பரை, இரண்டு பக்கத்துச் சொந்தமும். தட்டு மாற்றுகிற நேரம். வெற்றிலை பாக்கு, பழம், புடவை எல்லாம் வைத்த தட்டை நான் இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டிருக்கிறேன். அப்போது பார்த்துப் பெண் வீட்டுப் பெரியவர் ஒருவர் குரல் கொடுத்தார்.

"ஏனுங்க சம்பந்தி, இனி உங்க கிரைண்டருக்கு நம்மூட்டு மோட்டார்தானுங்களே? பொண்ணே வருது, மோட்டார் வராதுங்களா?"

சபை சிரித்தது. எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள். தட்டைக் கையில் வைத்துக்கொண்டு மாட்டேன் என்று சொல்கிற வாய் எங்கள் பக்கத்தில் எவனுக்கும் கிடையாது. "ஆகட்டுங்க" என்றேன். தட்டு மாறியது. விலை பேசவில்லை, மாதிரி கேட்கவில்லை, ஒரு மோட்டாரைக் கழற்றி உள்ளே பார்க்கவில்லை. ஒரு போல்ட் வாங்கினால்கூடத் திருகிப் பார்த்து வாங்குகிறவன் நான். அந்த ஆர்டரை நான் கொடுத்தேன் என்று யாரும் சொல்லாதீர்கள். தட்டு கொடுத்தது.

முதலில் எல்லாம் நன்றாகத்தான் போனது. பேத்தி பிறந்தாள். பேத்தி பிறந்ததற்குப் பிந்திய மழைக்காலத்தில்தான் காங்கேயத்து டீலரிடமிருந்து போன் வந்தது. எனக்கும் அவருக்கும் பழைய பழக்கம். அவருக்கு வாய் கொஞ்சம் நீளம்.

"ஏனுங் முதலாளி, நீங்க கிரைண்டர் விக்கறீங்களா, இஸ்திரிப்பெட்டி விக்கறீங்களா?"

"என்னய்யா உளர்றே?"

"அடியில கைய வெச்சுப் பாருங்க. சட்டையத் தேச்சுப்போடலாமாட்ட இருக்குது. ஒரு அம்மா பாதி மாவோட ஆட்டோவுல தூக்கிட்டு வந்து கடை வாசல்ல எறக்கிப் போட்டுட்டுப் போயிருச்சு. 'நீயே அரைச்சுத் தின்னு'ன்னுட்டுப் போகுது. கட முழுக்கப் பொகை நாத்தம்."

அந்த அம்மா யாரென்று எனக்குத் தெரியாது. ஆனால் அவள் போட்ட சத்தம் என் கன்னத்தில் விழுந்தது போல இருந்தது. கிரைண்டர் மேல் ஒட்டியிருப்பது என் பட்டறையின் பெயர். மோட்டாரை யார் செய்தார்கள் என்று எந்த வீட்டிலும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். அந்தக் கிரைண்டரை வரவழைத்துக் கழற்றினேன். உள்ளே கம்பிச் சுருள் கருகிக் கரியாகிப் போயிருந்தது. அந்த மாதத்திலேயே இன்னும் சில கிரைண்டர்கள் அதே கோலத்தில் வந்தன.

நேராகப் பெருந்துறைக்குக் கிளம்பினேன். போகிற வழியெல்லாம் என்ன கேட்க வேண்டும் என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். டிரைவர் கண்ணாடியில் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தான். நல்ல நல்ல கேள்விகள். ஒன்றுக்குக்கூட அந்தப் பெருந்துறைப் பையனால் பதில் சொல்லியிருக்க முடியாது.

கார் நிற்பதற்கு முன்னாலேயே மருமகளின் அண்ணன் ஓடிவந்து கதவைத் திறந்தான்.

"வாங் மாமா, வாங். சொல்லியிருந்தா நானே வந்திருப்பனுங்களே. தங்கச்சி நல்லாருக்குதுங்களா? பாப்பா நடக்குதுங்களா?"

இளநீர் வந்தது. குடித்தேன். கம்பெனியில் உட்கார வேண்டாம், வீட்டுக்குப் போய்விடலாம் என்றான். வீட்டில் நாட்டுக்கோழி, பச்சைப்புளி ரசம், நெய் ஊற்றிய ஒப்புட்டுப் போளி. அவன் அம்மா பக்கத்தில் நின்று பரிமாறுகிறது. எனக்குள் கேள்விகள் எல்லாம் வரிசையாக நிற்கின்றன. ஒன்றையாவது வெளியே விட வேண்டுமே என்று ஆரம்பித்தேன்.

"மோட்டார் கொஞ்சம் சூடாகுது மாப்ள."

"அப்புடீங்களா மாமா? பாத்துரலாமுங். இன்னொரு ஒப்புட்டு வெய்யட்டுங்களா?"

அவ்வளவுதான் பேச்சு. சாப்பிட்ட இலைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு அந்த வீட்டுப் பையனை எப்படித் திட்டுவது? சொல்லுங்கள். திரும்பி வரும்போது கையில் ஒப்புட்டுப் பொட்டலம் வேறு. வீட்டில் என் சம்சாரம் வாசலிலேயே நின்றாள்.

"பேசிப்போட்டீங்களா? என்ன சொன்னீங்க?"

"ஒப்புட்டு நல்லாருக்குதுன்னு சொன்னேன்."

"அதுக்கா அவ்வளவு தூரம் போனீங்க?"

அடுத்த தடவை சொல்லாமல் போனேன். வீட்டுப் பக்கமே திரும்பாமல் கம்பெனிக்குள் நுழைந்தேன். சுற்றிப் பார்த்தால், மோட்டாருக்கு மூடி போடுகிறார்கள், பெயிண்ட் அடிக்கிறார்கள், பெட்டியில் போடுகிறார்கள். கம்பி சுற்றுகிற ஒரு மிஷினைக் காணோம். சுற்றிய கம்பிச் சுருள்கள் சாக்கில் வந்து இறங்கிக்கொண்டிருந்தன. மோட்டாரில் மற்றதெல்லாம் வெறும் இரும்பு. அந்தச் சுருள்தான் மோட்டார்.

"வைண்டிங் எங்க மாப்ள?" என்றேன்.

"அது வெளியில குடுத்திருக்குதுங் மாமா. ஒரு வருசமாச்சுங். நமக்கு லேபர் பிரச்சினைங். அவுரு நல்லாப் பண்ணுவாருங்."

"அவுருன்னா எவுரு?"

அவர் காங்கேயம் ரோட்டில் இருந்தார். போய்ப் பார்த்தேன். சிமெண்ட் அட்டை போட்ட ஒரு கொட்டகை. கம்பியைச் சுற்றி, வார்னிஷில் முக்கி, அடுப்புக்குள் வைத்துச் சுட வேண்டும். சுட்டால்தான் வார்னிஷ் கெட்டியாகும். கெட்டியானால்தான் ஈரம் உள்ளே இறங்காது, கம்பி கம்பியைத் தொடாது. இது கோயமுத்தூரில் மோட்டார் பட்டறைக்குள் டீ வாங்கிக் கொடுக்கப் போகிறவனுக்குக்கூடத் தெரியும். அங்கே அடுப்பு ஓரமாகக் கிடந்தது, கதவு கழன்று. வார்னிஷில் முக்கிய சுருள்கள் களத்தில் தார்ப்பாய் மேல் பரப்பியிருந்தன. பக்கத்திலேயே அவர்கள் வீட்டு நிலக்கடலை காய்ந்துகொண்டிருந்தது. வானம் பார்த்தால் மூடிக்கொண்டு நிற்கிறது.

"அடுப்பு ரிப்பேருங்க. வெயில் வந்தாக் காஞ்சுக்குமுங்க" என்றார் அந்த மனிதர். பொய் சொல்லவில்லை. மறைக்கவும் இல்லை. அவருக்கு நான் யாரென்றே தெரியாது. இந்தச் சுருள் எந்த மோட்டாருக்குள் போகிறது, அந்த மோட்டார் எந்தக் கிரைண்டருக்குள் போகிறது, அந்தக் கிரைண்டர் எந்த வீட்டில் கருகுகிறது என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. நான் அவனுக்குக் கொடுத்தேன், அவன் இவருக்குக் கொடுத்தான், இவர் வெயிலுக்குக் கொடுத்துவிட்டார். வெயிலைப் போய் நான் என்ன கேட்பது?

அன்று இரவு சாப்பாட்டுக்கு முன்னால் எல்லோரையும் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னேன். இனி மோட்டார் என் பட்டறையில்தான். சுற்றுவது, முக்குவது, சுடுவது எல்லாம் நம் கூரைக்குக் கீழே. சொல்லி முடிக்கவில்லை, என் மகன் ஆரம்பித்தான். பீளமேட்டுக் காலேஜில் நான் பணம் கட்டி அவன் படித்த படிப்பை எல்லாம் என் மேலேயே இறக்கினான்.

"அப்பா, எல்லாத்தையும் நாமளே செய்யோணும்னு எதாச்சும் சட்டம் இருக்குதுங்களா? உலகத்துல பெரிய பெரிய கம்பெனி எல்லாம் வெளியில குடுத்துத்தான் பெருசாகியிருக்குது. வைண்டிங் தனித் தொழிலுங்க. அதுக்கு ஆள் பிடிக்கோணும், அடுப்பு போடோணும், காப்பர் வாங்கி வெக்கோணும். பணம் அதுலயே மொடங்கிப் போயிரும். நம்ம வேலை பிராண்டு மட்டுந்தாங்க."

"பிராண்டைப் போட்டு அரைச்சா மாவு வருமாடா?"

"நீங்க எல்லாத்தையும் இப்புடியே பேசுங்க. மச்சானுக்கு ஒரு தரம் நிர்ணயிச்சுக் குடுப்போம். அதுக்குக் கீழ வந்தா ரிஜெக்ட் பண்ணுவோம். அவ்வளவுதானுங்களே?"

"உன்ற மச்சான் அனுப்புன மோட்டாரை நீ ரிஜெக்ட் பண்ணுவியா?"

"பண்ணுவேன்."

"எப்போ?"

அவன் மருமகளைப் பார்த்தான். மருமகள் குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை.

"காதுகுத்து முடியட்டுங்க" என்றான்.

அப்போதுதான் என் சம்சாரம் வாயைத் திறந்தாள். "அதத்தான் நானும் சொல்லோணும்னு இருந்தேன். ஏனுங்க, அந்தப் பையன் ஒருத்தன்தான் நம்ம பாப்பாளுக்கு மாமன். அவன் மடியில வெச்சுத்தான் காது குத்தோணும். இப்பப் போயி மோட்டாரு வேண்டாம்னு சொன்னீங்கன்னா, அவன் வருவானா? வராம போனா ஊருக்கு என்ன பதில் சொல்றது? இவ மூஞ்சிய நாம எப்புடிப் பாக்கறது?"

படித்தவன் சொன்னதற்கு என்னிடம் பதில் இருந்தது. படிக்காத என் சம்சாரம் சொன்னதற்கு இல்லை. எங்களில் மாமன் மடி என்பது வெறும் சடங்கு அல்ல. இந்தக் குழந்தைக்குப் பின்னால் நாங்கள் இருக்கிறோம் என்று அம்மா வீடு சபையில் உட்கார்ந்து சொல்வது அது. மருமகளுக்கு அப்பாவும் இல்லை. அந்த ஒரு மடிதான் அவளுக்குப் பிறந்த வீடு.

அதனால் வாயை மூடிக்கொண்டேன். என் வாழ்நாளில் நான் அடக்கிய கோபங்களில் அதுதான் பெரிது. சூடாகும் மோட்டார்கள் வந்து இறங்கின. என் கண்ணெதிரில், என் ஆட்கள், என் பெயர் போட்ட பாடிக்குள் அவற்றை ஏற்றினார்கள். ஒவ்வொரு மோட்டாரும் ஏறும்போது எனக்குள் அந்த அம்மா ஆட்டோவிலிருந்து இறங்குவாள். மருமகளின் அண்ணன் வந்தால் "வா மாப்ள" என்று சிரித்தேன். அவன் போன பிறகு யார் அகப்பட்டாலும் கத்தினேன். பெயிண்டரிடம் கத்தினேன், வாட்ச்மேனிடம் கத்தினேன், டீ ஆறிப்போனதற்கு டீக்கடைக்காரரிடம் கத்தினேன்.

ஒருநாள் சாயங்காலம் மருமகள் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். பட்டறையில் சரக்கு அனுப்புகிற வேலையை அவள்தான் பார்க்கிறாள். அளந்து பேசுகிற பெண்.

"மாமா, ஒண்ணு கேக்கட்டுங்களா?"

"கேளு கண்ணு."

"எங்கண்ணன் வந்தா 'வா மாப்ள'ங்கறீங்க. அவன் அக்கட்டப் போனதும் இங்க இருக்கறவங்களைத் திட்டறீங்க. ஊட்டுக்கு வந்து அத்தையத் திட்டறீங்க. எங்கிட்ட மூஞ்சியத் திருப்பிக்கறீங்க. அவன் செய்யற மோட்டாருக்கு நாங்க எல்லாம் பேச்சு வாங்கோணுங்களா?"

அந்தப் பட்டறையில் யாரும் என்னிடம் அப்படிப் பேசியதில்லை.

"உன்ற அண்ணன் மடி வேண்டாமா உனக்கு?" என்றேன்.

"வேணுமுங் மாமா. எனக்கு வேணும். அதுக்காக ஊருல எவளோ ஒருத்தி ஊறப் போட்ட அரிசியோட நிக்கோணுங்களா? எனக்கு ரெண்டும் வேணும். எப்புடின்னு நீங்க பாருங்க. ஊரெல்லாம் உங்களைப் பெரிய ஆளுங்குதே!"

குத்திவிட்டுப் போய்விட்டாள். அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. பெரிய ஆளாம்! ஆமாம், பெரிய ஆள்தான். பெரிய ஆள் ஒரு ஒப்புட்டுக்கு முன்னால் வாயடைத்து நின்றான்.

அடுத்த லோடு பெருந்துறையிலிருந்து வந்தபோது கேட்டைத் திறக்க வேண்டாம் என்று சொன்னேன். வண்டி வெளியே நின்றது. ஒரு பெட்டியை மட்டும் இறக்கி, ரோட்டோரத்திலேயே கழற்றினேன். வார்னிஷ் விரலில் ஒட்டியது. வெல்லப்பாகு மாதிரி. "அப்படியே திருப்பிக் கொண்டு போ" என்றேன். டிரைவர் தயங்கினான். "முதலாளிக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிப்போடுங்க" என்றான். நான் போடவில்லை. போனில் பேசினால் முதலில் அவன் பாப்பாவைக் கேட்பான், நான் மறுபடியும் மாட்டிக்கொள்வேன்.

மகன் ஓடிவந்து கத்தினான். நானும் கத்தினேன். பட்டறை முழுக்க நின்று வேடிக்கை பார்த்தது. "காதுகுத்துக்கு உங்க மடியிலயே வெச்சுக் குத்திக்கங்க!" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனான்.

வைண்டிங் பிரிவை ஆரம்பித்தேன். சும்மா கிடந்த குடோனை ஒழித்தேன். அடுப்பு வாங்கினேன். மூடிப்போன ஒரு மோட்டார் கம்பெனியில் வேலை பார்த்த பெண்கள் சிலர் வந்தார்கள். நான் முதல்முறையிலேயே ஜெயித்துவிட்டேன் என்று எழுத ஆசைதான். ஆனால் எங்கள் முதல் மோட்டார்களும் கருகின. அடுப்பில் சூடு கூடிப்போனது. பட்டறையில் நின்றுகொண்டு நான் போட்ட சத்தம் பக்கத்து மில் வரை கேட்டிருக்கும். கம்பி சுற்றிய பெண்கள் என்னிடம் பதிலுக்குப் பேசினார்கள். அடுப்பு போட்டவரைக் கூப்பிட்டு அவரையும் திட்டினேன். அவர் சூடு காட்டுகிற மீட்டர் தப்பு என்று எகிறினார். சாயங்காலத்துக்குள் தப்பு எங்கே என்று தெரிந்துவிட்டது. அடுத்த நாள் மோட்டார் மணிக்கணக்காக ஓடியும் கையை வைத்தால் இளஞ்சூடுதான்.

இதைத்தான் என் மகனுக்கும் அவனுடைய படிப்புக்கும் நான் சொல்ல வந்தேன். அவன் கூட்டல் கழித்தல் போட்டுக் காட்டினான். வெளியே வாங்குவதைவிட உள்ளே செய்வதில் எங்களுக்குச் செலவு கொஞ்சம் அதிகம்தான். அவன் சொன்னது சரி, நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்தக் கணக்கில் ஒன்று விட்டுப்போகிறது. கெட்டுப்போன சரக்கைக் கையில் வைத்துக்கொண்டு யாரைத் திட்ட முடியும் என்று பார்க்க வேண்டும். திட்ட முடிந்தவரிடம் எதை வேண்டுமானாலும் வெளியே கொடு. அந்தப் பழைய மோட்டார்காரரிடம் நான் கொடுக்கவில்லையா? திட்ட முடியாத இடத்தில் ஒரு வாஷர்கூட வாங்காதே. இதை எந்தக் காலேஜில் சொல்லித் தருகிறார்கள்?

பெருந்துறையிலிருந்து ஒரு வார்த்தையும் வரவில்லை. திட்டி ஒரு போன் இல்லை, ஏன் என்று ஒரு கேள்வி இல்லை. காதுகுத்துக்கு அழைக்க என் சம்சாரமும் மகனும் தட்டோடு போனார்கள். உட்காரவைத்து, சாப்பாடு போட்டு, "வந்தர்றனுங் அத்தை" என்றானாம். மோட்டாரைப் பற்றி மூச்சு விடவில்லையாம். "அதுதானுங்க எனக்குப் பயமா இருக்குது" என்றாள் என் சம்சாரம்.

எங்கள் குலக் கோயில் காங்கேயத்தைத் தாண்டி, உள்ளே போகிற மண் பாதையில் இருக்கிறது. காதுகுத்தன்று அதிகாலையிலேயே போய்விட்டோம். பேத்திக்கு மொட்டை அடித்து, சந்தனம் பூசி, பட்டுப்பாவாடை கட்டினார்கள். ஆசாரி தங்கக் கம்பியைத் தட்டில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மாமன் உட்கார வேண்டிய பலகை காலியாக இருந்தது. அம்மா வீட்டுப் பெண்கள் வந்திருந்தார்கள். அவன் அம்மா வந்திருந்தது. அவனைக் காணோம். "பின்னாடி கார்ல வாரேன்னான்" என்று அந்தம்மா சொல்லிக்கொண்டே இருந்தது. போன் போட்டால் மணி அடிக்கிறது, எடுக்க ஆளில்லை.

நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. ஒறம்பரையில் ஒருவர் என் காதுக்குப் பக்கத்தில் வந்தார்.

"ஏனுங்க, பொண்ணோட பெரியம்மா பையன் ஒருத்தன் வந்திருக்கறான். அவனும் மொறைக்கு மாமன்தானுங்களே. உக்கார வெச்சு முடிச்சுப்போடலாமுங்க."

"மடிய வெளியில குடுக்கச் சொல்றீங்களா?" என்று கத்திவிட்டேன். அவர் பயந்து பின்னால் போனார். மருமகள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கோயில் தூண் பக்கம் நின்றாள். அழவில்லை. பாதையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழுதிருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன்.

கரும்பு ஜூஸ் விற்கிறவர்தான் சொன்னார், மெயின் ரோட்டில் வேப்பமரத்தடியில் ஒரு கார் வெகுநேரமாக நிற்கிறது என்று. செருப்புகூடப் போடாமல் நடந்தேன். அவன்தான். வெள்ளை வேட்டி சட்டையில், பக்கத்து சீட்டில் சீர்த் தட்டை வைத்துக்கொண்டு, ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் இறங்கிக் கும்பிட்டான்.

"வாங் மாமா. இதா, கெளம்பிட்டனுங்."

"கெளம்பறதுக்கு இவ்வளவு நேரமா? எம்மேல கோவம் இருந்தா வாயத் தொறந்து திட்டிப்போடு மாப்ள."

"உங்களைப் போயி நான் எப்புடிங் மாமா திட்டறது?"

"இதுதான்! இதுதான் வெனை!" என்று நான் கார் பேனட்டில் அடித்தேன். "நான் உன்னையத் திட்ட முடியாது, நீ என்னையத் திட்ட முடியாது. நடுவுல ஊருல இருக்கற கிரைண்டர் எல்லாம் பத்தி எரியுது! ஈர வார்னிஷை எனக்கு அனுப்புவியா நீ? நெலக்கடலையோட காயப் போட்ட மோட்டாரை எம்பேருல விப்பியா?"

அவன் முகம் சிவந்தது. அப்புறம் உடைந்தது.

"தப்புத்தானுங்! அடுப்பு கெட்டது எனக்கே தெரியாதுங்! நீங்க ஒரு வார்த்த சொன்னீங்களா மாமா? எம்பட ஊட்டுல உக்காந்து ஒப்புட்டத் தின்னுபோட்டு 'கொஞ்சம் சூடாகுது'ன்னீங்க. கொஞ்சம்னா நான் என்னன்னு நெனைக்கறது? பொறகு ஒரு நா லோடோட ரோட்டுல நிக்க வெச்சுத் தொரத்தறீங்க! எங்க பேட்டை முழுக்கச் சிரிச்சுதுங். 'தங்கச்சி ஊட்டுலயே எடுக்கலையாமா'ன்னு மத்த கம்பெனிக்காரனும் நிறுத்திப்போட்டான். ஒரு போனு! ஒரு போனு போட்டுத் திட்டியிருந்தா நானே வந்து அள்ளிட்டுப் போயிருப்பனுங்களே! அப்பா இருந்திருந்தா இப்புடிப் பண்ணியிருப்பீங்களா?"

"உங்கப்பன் இருந்திருந்தா அவனையும் சேத்துத் திட்டியிருப்பேன்!"

"திட்டியிருக்கோணுமுங்! அதத்தானுங் சொல்றேன்!"

ரோட்டில் போன பஸ்ஸிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். இரண்டு பேரும் வேட்டி அவிழ்வது தெரியாமல் கத்திக்கொண்டிருந்தோம். எவ்வளவு நேரம் என்று தெரியாது. மூச்சு வாங்கியபோது நிறுத்தினோம். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். நான் வேட்டியைக் கட்டினேன்.

"மோட்டாரு இனி எம்பட பட்டறையிலதான்" என்றேன். "அதுல மாத்தமில்ல."

"கேக்கலீங். மோட்டாருக்கு நான் வேற எடம் பாத்துக்கறனுங்" என்று சொல்லி, சீர்த் தட்டை எடுத்துத் தலையில் வைத்தான். "நடங்க மாமா. நேரமாச்சு."

கோயிலில் அவன் பலகையில் உட்கார்ந்ததும் மருமகள் குழந்தையைக் கொண்டுவந்து அவன் மடியில் தொப்பென்று வைத்தாள். ஆசாரி கம்பியை எடுத்தார். காதில் பட்டதோ இல்லையோ, பேத்தி ஊரைக் கூட்டி அலறினாள். காலை உதறி, கையை வீசி, மாமன் மூக்கிலேயே ஓங்கி ஒரு அறை விட்டாள். அவன் இரண்டு கையாலும் அவள் தலையைப் பிடித்துக்கொண்டே என்னைப் பார்த்தான்.

"உங்க பேத்தியாச்சும் நேரா அடிக்கறாளுங் மாமா."

ஒறம்பரை முழுக்கச் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. எனக்கு இன்னும் கோபம் பாக்கி இருந்தது. ஆசாரியைப் பார்த்து, "இன்னொரு காது இருக்குதய்யா, என்ன வேடிக்கை?" என்று கத்தினேன்.